மருத்துவர்களின் தலைமைத்துவ மேம்பாடு

மருத்துவர்களின் தலைமைத்துவ மேம்பாடு என்பது, நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதற்காகப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள், மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், சுகாதார மாவட்டம் முதலிய அமைப்புகளைப் பொறுப்பேற்று நடத்தவும் அவற்றின் பணித் தரத்தை உயர்த்தவும் தேவையான அறிவையும் திறன்களையும் பெறுவதற்கு, அவ்வமைப்புகள் திட்டமிட்டு அளிக்கும் ஆதரவைக் குறிக்கும். பயிற்சி வகுப்புகள், மூத்தோர் வழிகாட்டல், படிப்படியாகப் பொறுப்பு அளித்தல், இறப்புத் தணிக்கை, தர மேம்பாட்டுப் பணிகள் ஆகியவை இதன் முக்கிய வழிமுறைகள் ஆகும்.

தமிழ்நாட்டில் இதற்கு இருவேறு வகையான எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒன்று, அரசின் பொது சுகாதாரத் துறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேணி வரும் பொது சுகாதாரப் பணியணி. மற்றையது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற தொண்டு நிறுவனங்கள் தாமாகவே உருவாக்கிக்கொண்ட பயிற்சி முறைகள்.

பொருளடக்கம்
1. தேவை
2. வரலாறு
3. தமிழ்நாட்டின் பொது சுகாதாரப் பணியணி
4. முத்துக்குளித்துறைக் கடற்கரை: ஓர் எடுத்துக்காட்டு
5. தொண்டு மருத்துவமனைகள்
6. இந்திய அளவில்
7. இலங்கையில்
8. பிற நாடுகளில்
9. திறன்களும் வழிமுறைகளும்
10. பயன் பற்றிய ஆய்வுகள்
11. விமர்சனங்கள்
12. இவற்றையும் பார்க்க

தேவை

மருத்துவக் கல்வி பெரும்பாலும் ஒரு மருத்துவருக்கும் ஒரு நோயாளிக்கும் இடையிலான உறவை மையமாகக் கொண்டது. நோயைக் கண்டறிதல், மருந்து அளித்தல், அறுவை செய்தல் ஆகியவற்றில் ஐந்தரை ஆண்டுகள் பயிற்சி பெற்று வெளிவரும் இளநிலை மருத்துவர் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், கிராம சுகாதாரச் செவிலியர், சுகாதார ஆய்வாளர் ஆகியோரை உள்ளடக்கிய ஒரு குழுவுக்குத் தலைவராகிவிடுகின்றார். மருந்து இருப்பைக் கணித்தல், பணிமுறை வகுத்தல், ஊராட்சித் தலைவருடன் பேசுதல், கொள்ளைநோய் பரவும்போது ஊரைத் திரட்டுதல் ஆகிய கடமைகளும் அவரையே சேர்கின்றன. இவற்றுள் எதுவும் அவருடைய தேர்வுத் தாள்களில் பெரிய இடம் பெற்றிருப்பதில்லை.

இக்குறைபாட்டின் விளைவு நோயாளிகளின் மீதே விழுகின்றது. மகப்பேற்றின்போது குருதிப்போக்கு ஏற்பட்ட ஒரு பெண் உயிர் பிழைப்பது, அவரைப் பார்க்கும் மருத்துவரின் அறிவை மட்டும் சார்ந்ததன்று. குருதி இருப்பில் உள்ளதா, இரவுப் பணியில் செவிலியர் இருக்கின்றாரா, அவசர ஊர்தி எவ்வளவு நேரத்தில் வரும், மேல்நிலை மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சென்றதா என்பன போன்ற பல ஏற்பாடுகளையும் சார்ந்தது. இவ்வேற்பாடுகளை நோயாளி வருவதற்கு முன்பே செய்து வைப்பது தலைமைப் பணியாகும்.

தலைமைத்துவம், மேலாண்மை ஆகிய இரு சொற்களும் பெரும்பாலும் ஒன்றாகவே பயன்படுத்தப்படுகின்றன. எனினும், இருக்கும் வளங்களைக் கொண்டு அன்றாடப் பணிகளை ஒழுங்காக நடத்துவதை மேலாண்மை என்றும், எந்தத் திசையில் செல்ல வேண்டும் எனத் தீர்மானித்து மற்றவர்களை அதற்கு இணங்கச் செய்வதைத் தலைமைத்துவம் என்றும் வேறுபடுத்துவர். சிறிய மருத்துவமனைகளில் இவ்விரண்டையும் ஒருவரே செய்ய வேண்டியுள்ளது.

வரலாறு

தமிழர் வாழும் பகுதிகளில் மேற்கத்திய மருத்துவம் பரவிய தொடக்க காலத்தில், மருத்துவரே நிறுவனத்தைத் தொடங்கி, பணம் திரட்டி, பணியாளரைப் பயிற்றி, அடுத்த தலைமுறையையும் உருவாக்கினார். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயில் மருத்துவப் பயிற்சி அளித்ததுடன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்நிய நாட்டவரை எதிர்பார்க்காமல் உள்ளூர் மருத்துவர்களே தம் மக்களுக்குப் பணியாற்றும் நிலையை ஏற்படுத்துவது அவருடைய முயற்சியின் நோக்கமாக இருந்தது.

தென்பாண்டி நாட்டில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த நாசரேத்தில் 1870ஆம் ஆண்டில் ஜே. எம். ஸ்டிராச்சன் என்னும் மருத்துவ மறைப்பணியாளர் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இதுவே பின்னர் தூய லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. 1876இல் அங்கு வந்த கனோன் ஆர்தர் மர்காஷியஸ் மருத்துவப் பணியோடு பள்ளிகள், தொழிற்பயிற்சி நிறுவனம் ஆகியவற்றையும் வளர்த்தார். ஒரு மருத்துவமனையின் தலைவர் ஓர் ஊரின் வளர்ச்சிக்கே பொறுப்பேற்ற நிலையை இங்கே காணலாம்.

வேலூரில் ஐடா சோபியா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒரு சிறு மருந்தகத்துடன் தம் பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனையும், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியபோது தாமே மேலும் உழைப்பதற்குப் பதிலாக, தம்மைப் போல் பணியாற்றக்கூடிய பெண்களை உருவாக்க அவர் முடிவு செய்தார். மருத்துவர்களின் தலைமைத்துவம் பற்றிய வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க முடிவு ஆகும்.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரப் பணியணி

அமைப்பு

சென்னை மாகாணத்தில் 1922ஆம் ஆண்டில் பொது சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககம் அமைக்கப்பட்டது. இதன் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இத்தகைய முதல் சட்டமாகக் கருதப்படுகின்றது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் அறிவிப்பு, சந்தைகள், திருவிழாக்கள் ஆகியவற்றில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தைச் சுகாதார அலுவலருக்கு இச்சட்டம் வழங்கியது.

விடுதலைக்குப் பின்னர் பல மாநிலங்களில் மருத்துவச் சேவையும் பொது சுகாதாரமும் ஒரே நிருவாகத்தின் கீழ் இணைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அவை பிரிந்தே இருந்தன. இன்று பின்வரும் மூன்று இயக்ககங்கள் முதன்மையானவை:

- பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்ககம்: ஆரம்ப சுகாதார நிலையங்கள், தடுப்பூசி, கொள்ளைநோய்த் தடுப்பு
- மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம்: மாவட்ட, வட்ட மருத்துவமனைகள்
- மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்: அரசு மருத்துவக் கல்லூரிகளும் அவற்றுடன் இணைந்த மருத்துவமனைகளும்

மருத்துவர் மேலாளராகும் பாதை

முதல் இயக்ககத்தின் சிறப்பு, மருத்துவர்களைக் கொண்டே அமைந்த ஒரு மேலாண்மைப் பணியணி அதற்கு இருப்பதாகும். இப்பணியணியில் முன்னேற விரும்பும் மருத்துவர், இளநிலை மருத்துவப் பட்டத்துடன் பொது சுகாதாரத்தில் பட்டயமோ பட்ட மேற்படிப்போ பெற வேண்டும். நோய்ப்பரவலியல், புள்ளியியல், சுகாதாரச் சட்டங்கள், நிருவாகம் ஆகியவை இக்கல்வியின் பகுதிகள். சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் உள்ள பொது சுகாதார நிறுவனம் களப்பணியாளர்களுக்கும் மருத்துவ அலுவலர்களுக்கும் பயிற்சி அளித்து வருகின்றது.

இப்பணியணியின் மருத்துவர் ஒருவர் படிப்படியாக உயர்ந்து ஒரு சுகாதார மாவட்டத்தின் தலைமை அலுவலர் ஆகலாம். நெடுங்காலம் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் எனப்பட்ட இவ்வலுவலரின் பொறுப்பில் பல இலட்சம் மக்கள் உள்ளனர். சுகாதார மாவட்டத்தின் எல்லை வருவாய் மாவட்டத்தின் எல்லையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு ஒரு படி கீழே, ஊராட்சி ஒன்றிய அளவில் வட்டார மருத்துவ அலுவலர் பணியாற்றுகின்றார். சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு 30,000 மக்கள், ஒரு துணை சுகாதார நிலையத்திற்கு 5,000 மக்கள் என்பது தேசிய நெறி ஆகும்.

2009ஆம் ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட, மோனிகா தாஸ் குப்தாவும் பிறரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை தமிழ்நாட்டின் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்தது. தனி இயக்ககம், தனி வரவுசெலவுத் திட்டம், பயிற்சி பெற்ற மேலாளர் அணி, சட்ட அதிகாரம் ஆகியவை ஒருங்கே அமைந்ததை அது முதன்மைப்படுத்தியது. பிற மாநிலங்களும் பெரும் செலவின்றி இதைப் பின்பற்றலாம் என்பது அதன் கருத்து.

நெருக்கடிகளில் இப்பணியணி

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களைத் தாக்கியது. உயிரிழப்பு மிகப் பெரிது. எனினும், அதன் பின்னர் நிவாரண முகாம்களில் அஞ்சப்பட்ட பெரும் கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. குடிநீருக்குக் குளோரின் இடுதல், உடல்களை அகற்றுதல், தடுப்பூசி இடுதல், முகாம்களில் நாள்தோறும் நோய்க் கணக்கெடுத்தல் ஆகியவற்றைப் பல மாவட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட பொது சுகாதாரக் குழுக்கள் செய்தன. எப்பணியை யார் செய்ய வேண்டும் என்பதை முன்பே அறிந்த அலுவலர்கள் இருந்தமை இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது.

மகப்பேற்று இறப்புத் தணிக்கை

பேறுகால இறப்பு ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, எந்தக் கட்டத்தில் தாமதம் நிகழ்ந்தது எனக் கண்டறியும் தணிக்கை முறை தமிழ்நாட்டில் பின்பற்றப்படுகின்றது. வீட்டிலிருந்து புறப்படுவதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் எனத் தாமதங்களை மூன்றாகப் பிரிப்பர். தனியொருவரைக் குற்றம் சாட்டுவது இதன் நோக்கமன்று. முறையில் உள்ள ஓட்டையை அடைப்பதே நோக்கம். இக்கூட்டங்களில் பங்குபெறும் இளம் மருத்துவர்கள், தம் பணியை முழுச் சங்கிலியின் ஒரு கண்ணியாகக் காணக் கற்கின்றனர்.

மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2001–03 காலப்பகுதியில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம், 2018–20 காலப்பகுதியில் 54 ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்திய அளவிலான விகிதம் 301 இலிருந்து 97 ஆகக் குறைந்தது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு மையங்கள், 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை, பெண் கல்வி எனப் பல காரணிகள் இவ்வீழ்ச்சிக்கு உண்டு. தணிக்கையின் பங்கை மட்டும் தனியே பிரித்துக் கூற இயலாது.

முத்துக்குளித்துறைக் கடற்கரை: ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்துள்ள மணப்பாடு, முத்துக்குளித்துறையின் பழைமையான மீனவ ஊர்களுள் ஒன்று. 1542இல் இக்கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் நினைவும், 1581ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவை ஆலயமும் இவ்வூரின் அடையாளங்கள். இத்தகைய கடலோர ஊர்களுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவ அலுவலர் எதிர்கொள்ளும் சூழல், தலைமைத்துவம் என்பது நடைமுறையில் யாது என்பதை விளக்க உதவும்.

கடலோர ஊரிலிருந்து நோயாளி ஒருவர் செல்லும் பாதை துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், திருச்செந்தூர் அரசு மருத்துவமனை, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என மேல்நோக்கி அமைந்துள்ளது. தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் இப்பகுதியின் கடினமான நோய்களுக்கு 1965இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையையே நாட வேண்டியிருந்தது. இப்பாதையில் உள்ள நான்கு நிலைகளும் மூன்று வெவ்வேறு இயக்ககங்களைச் சேர்ந்தவை. எனவே, ஒரு நிலையின் மருத்துவர் அடுத்த நிலையின் மருத்துவருக்கு ஆணையிட முடியாது. பேசி இணங்கச் செய்ய மட்டுமே முடியும். அதிகாரம் இல்லாத இடத்தில் ஒத்துழைப்பைப் பெறுதல் மருத்துவத் தலைமைத்துவத்தின் கடினமான பகுதி எனக் கருதப்படுகின்றது.

இரண்டாவதாக, ஊரின் வாழ்க்கை முறையை அறிந்து பணியைத் திட்டமிடுதல் தேவை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆகும். விசைப்படகுத் தொழிலாளர்கள் இக்காலத்தில் கரையில் இருப்பதால், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றைக் கண்டறியும் முகாம்களுக்கு இது ஏற்ற காலமாகும். ஆனால் நாட்டுப்படகு மீனவர்களுக்கு இத்தடை பொருந்தாது. அவர்கள் வழக்கம்போல் கடலுக்குச் செல்வர். இவ்வேறுபாட்டை அறியாத அலுவலர், காலை பத்து மணிக்கு முகாம் நடத்தி, ஆண்கள் வரவில்லை என்று அறிக்கை எழுத நேரிடும். அறிந்தவர், படகுகள் கரை திரும்பும் நேரத்திற்கு முகாமை மாற்றுவார். 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடுகளுக்கே செல்கின்றனர். ஆயினும், எந்த வீட்டுக்கு எப்போது செல்வது என்பதை உள்ளூரில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, ஊரில் ஏற்கெனவே மதிப்புப் பெற்றவர்களுடன் இணைந்து செயற்பட வேண்டும். கடலோர ஊர்களில் பங்குத்தந்தை, ஊர்க் கமிட்டியார், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தினர், மகளிர் தன்னுதவிக் குழுவினர் ஆகியோரின் சொல் எடுபடும். தடுப்பூசி குறித்து ஐயம் எழும்போது மருத்துவரின் அறிவிப்பை விட இவர்களின் சொல் விரைவாகப் பரவும்.

தொண்டு மருத்துவமனைகள்

அரவிந்த் கண் மருத்துவமனை

மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண்புரை அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் இவர். தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) எனக் கிளைகள் விரிந்தன. புதிய கிளை ஒவ்வொன்றுக்கும் தலைமை மருத்துவர் தேவைப்பட்டதால், தலைவர்களை உள்ளேயே உருவாக்குவது இந்நிறுவனத்திற்குத் தவிர்க்க இயலாததாயிற்று.

இங்கு அறுவை மருத்துவர் அறுவையில் மட்டும் கவனம் செலுத்துமாறு பணிகள் பிரிக்கப்பட்டுள்ளன. முன்தயாரிப்பு, பார்வை அளவீடு, ஆலோசனை ஆகியவற்றைக் கிராமப்புறங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்ட பெண் பணியாளர்கள் செய்கின்றனர். இம்முறையில் மருத்துவருடைய தலைமை என்பது எல்லாவற்றையும் தாமே செய்வதன்று. பிறர் தம் பணியைத் திருத்தமாகச் செய்யும் ஒழுங்கை ஏற்படுத்துவதே ஆகும். அறுவைக்குப் பின் ஏற்படும் சிக்கல்களைப் பதிவு செய்து ஆராய்வதும் வழக்கத்தில் உள்ளது.

1992ஆம் ஆண்டில் அரிமா சங்கங்களின் உதவியுடன் லைக்கோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சமூகக் கண் மருத்துவ நிறுவனம் மதுரையில் அமைக்கப்பட்டது. இது பிற கண் மருத்துவமனைகளின் திறனை வளர்ப்பதற்கானது. ஒரு மருத்துவமனையின் தலைமை மருத்துவர், நிருவாகி, செவிலியர் ஆகியோர் குழுவாக வந்து, தம் மருத்துவமனையின் கணக்குகளைத் தாமே ஆராய்ந்து, திட்டம் வகுத்துச் செல்வர். மருத்துவரை மட்டும் தனியே அழைத்துப் பயிற்றினால், அவர் திரும்பிச் சென்றபின் மாற்றத்திற்கு உடன்படுவோர் இருக்க மாட்டார்கள் என்ற அனுபவம் இதற்குப் பின்னணியாகும். இந்தியாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலும் உள்ள நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் இதில் பங்குபெற்றுள்ளன. மருத்துவர் அல்லாத மேலாண்மை வல்லுநரான ஆர். டி. துளசிராஜ் இந்நிறுவனத்தை நீண்டகாலம் வழிநடத்தினார்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி

இக்கல்லூரியில் இளநிலை மருத்துவம் பயில்வோருள் திருச்சபைகளின் பரிந்துரையில் சேர்பவர்கள், பட்டம் பெற்ற பின் குறிப்பிட்ட காலம் ஊரகத் தொண்டு மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். பல இளம் மருத்துவர்கள் தம் இருபதுகளிலேயே ஒரு சிறு மருத்துவமனையின் பெரும் பொறுப்புகளை ஏற்க நேர்வது இதன் விளைவாகும். ஊதியம் வழங்கப் பணம் உள்ளதா எனக் கணக்குப் பார்ப்பதும், மின்னாக்கி பழுதானால் ஆள் தேடுவதும் அங்கு மருத்துவர் பணியின் பகுதியாகின்றன. 1977இல் கீழ்வைத்தியணான்குப்பத்தில் தொடங்கப்பட்ட ஊரக நல, சமூக மையம், மருத்துவத்தை வேளாண்மை, கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றுடன் இணைத்துக் காணும் பயிற்சியை மாணவர்களுக்கு அளித்தது.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில்

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி ஆகியோர் 1993ஆம் ஆண்டில் ஒரு குடிசையில் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றியது இதன் சிறப்பு. காலப்போக்கில் இயற்கை வேளாண்மை, கைத்தையல் ஆகிய முயற்சிகளும் இதிலிருந்து கிளைத்தன. நீலகிரி மாவட்டம் கூடலூரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனையும் இவ்வகையான மற்றொரு எடுத்துக்காட்டு. இவ்விடங்களில் தலைமைத்துவ மேம்பாடு மருத்துவருடன் நின்றுவிடாமல், மக்களிடமே பொறுப்பை ஒப்படைக்கும் முயற்சியாக அமைந்துள்ளது.

இந்திய அளவில்

2019ஆம் ஆண்டில் இளநிலை மருத்துவக் கல்வியில் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய மருத்துவப் பட்டதாரி ஏற்க வேண்டிய ஐந்து பாத்திரங்களை அது பட்டியலிடுகின்றது:

- சிகிச்சை அளிப்பவர்
- சுகாதாரக் குழுவின் தலைவரும் உறுப்பினரும்
- கருத்துப் பரிமாறுபவர்
- வாழ்நாள் முழுதும் கற்பவர்
- அறநெறி வழுவாத தொழில் வல்லுநர்

தலைவர், உறுப்பினர் ஆகிய இரண்டும் ஒரே பாத்திரமாகக் கூறப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தலைமை ஏற்கத் தெரிந்தவர், பிறருடைய தலைமையின் கீழ்ப் பணியாற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டது. தேசிய நலக் கொள்கை 2017, எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பணியணி அமைக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நடுவண் அரசு இதற்கான வழிகாட்டு ஆவணத்தை வெளியிட்டது. தமிழ்நாட்டில் முன்பே இருந்த ஓர் ஏற்பாடு இவ்வாறு நாடு தழுவிய கொள்கையாயிற்று.

இலங்கையில்

இலங்கையில் அரச மருத்துவமனைகளின் தலைமைப் பதவிகள் மருத்துவர்களுக்கே உரியவை. மருத்துவ அத்தியட்சகர், பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆகிய பதவிகளுக்கெனத் தனி நிருவாகத் தரம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் மருத்துவ நிருவாகத்தில் முதுநிலைப் பட்டங்களை வழங்குகின்றது. இதனால், இதய மருத்துவம், அறுவை மருத்துவம் போன்று மருத்துவ நிருவாகமும் ஒரு சிறப்புத் துறையாக அங்கு ஏற்கப்பட்டுள்ளது. ஊர் மட்டத்தில், 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் வழிவந்த சுகாதார மருத்துவ அதிகாரி, குடும்பநல மாதுக்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் அடங்கிய குழுவை வழிநடத்துகின்றார்.

பிற நாடுகளில்

- ஐக்கிய இராச்சியம்: 1983ஆம் ஆண்டின் கிரிபித்ஸ் அறிக்கை தேசிய சுகாதாரச் சேவையில் பொது மேலாளர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. மருத்துவர்களும் மேலாண்மையில் பங்கேற்க வேண்டும் என்றும் அது கூறியது. 2008இல் மருத்துவத் தலைமைத்துவத் திறன் சட்டகம் வெளியிடப்பட்டது. 2011இல் மருத்துவத் தலைமைத்துவ, மேலாண்மைப் புலம் நிறுவப்பட்டது.
- ஆஸ்திரேலியா, நியூசிலாந்து: மருத்துவ நிருவாகிகளுக்கான கல்லூரி 1967 முதல் இயங்கி வருகின்றது.
- கனடா: கேன்மெட்ஸ் எனப்படும் திறன் சட்டகத்தில் முன்பு மேலாளர் என இருந்த பாத்திரம் 2015இல் தலைவர் என மாற்றப்பட்டது.

திறன்களும் வழிமுறைகளும்

மேற்கூறிய 2008ஆம் ஆண்டின் சட்டகம் மருத்துவருக்குத் தேவையான திறன்களை ஐந்து பகுதிகளாகப் பிரித்தது. தன்னை அறிந்து நடத்தல், பிறருடன் பணியாற்றல், சேவைகளை மேலாளுதல், சேவைகளை மேம்படுத்தல், திசை வகுத்தல் என்பன அவை. முதல் பகுதி மாணவப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பதும், இறுதிப் பகுதி அனுபவம் முதிர்ந்தவர்களுக்கு உரியது என்பதும் பொதுவான கருத்து.

நிறுவனங்கள் இத்திறன்களை வளர்க்கப் பின்பற்றும் வழிமுறைகள் பின்வருமாறு:

படிப்படியான பொறுப்பு: முதலில் ஒரு பிரிவின் பணிமுறை அட்டவணை, பின்னர் ஒரு பிரிவு, அதன் பின் ஒரு கிளை எனப் பொறுப்பைக் கூட்டுதல். தவறு செய்து திருந்துவதற்கு இடம் அளிப்பதால் இது பயன் தருகின்றது.

மூத்தோர் வழிகாட்டல்: மேலதிகாரி அல்லாத மூத்த மருத்துவர் ஒருவரிடம் இளையவர் தம் இடர்ப்பாடுகளை அச்சமின்றிப் பேசும் ஏற்பாடு.

செய்துகற்றல்: உண்மையான ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு தீர்த்தல். புறநோயாளிகளின் காத்திருப்பு நேரத்தைக் குறைத்தல், கைகழுவும் வழக்கத்தைக் கூட்டுதல் போன்ற சிறு பணிகளில் தொடங்கி, முன்னும் பின்னும் அளந்து பார்ப்பர்.

பன்முகக் கருத்தறிதல்: மேலதிகாரியிடம் மட்டுமன்றிச் செவிலியர், உடன் பணியாற்றுவோர், கீழ்ப் பணியாற்றுவோர் ஆகியோரிடமிருந்தும் ஒருவருடைய நடத்தை குறித்துக் கருத்துப் பெறுதல்.

குழுப் பயிற்சி: உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அறுவை தொடங்கும் முன் குழுவினர் அனைவரும் தம் பெயரையும் பணியையும் கூற வேண்டும். செவிலியரும் தம் ஐயத்தை எழுப்பலாம். எட்டு நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், இப்பட்டியலைப் பயன்படுத்திய பின்னர் அறுவை சார்ந்த இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என 2009இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாய்வில் இந்தியாவிலிருந்து புது தில்லி மருத்துவமனை ஒன்று பங்குபெற்றது.

நேர ஒதுக்கீடு: தலைமைப் பணிக்கெனச் சிகிச்சை நேரத்தைக் குறைத்து அளித்தல். இது இல்லாதபோது நிருவாகப் பணி இரவு நேரத்திற்குத் தள்ளப்பட்டு, மருத்துவர் சோர்வடைகின்றார்.

பயன் பற்றிய ஆய்வுகள்

2011ஆம் ஆண்டில் அமண்டா குடால் வெளியிட்ட ஆய்வு, ஐக்கிய அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை ஆராய்ந்தது. மருத்துவர்கள் தலைமை ஏற்ற மருத்துவமனைகளின் தர மதிப்பெண் பிறர் தலைமை ஏற்றவற்றை விட ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்திருந்ததாக அது கூறியது. எனினும், இது இரண்டிற்கும் இடையே தொடர்பு இருப்பதை மட்டுமே காட்டுகின்றது. நல்ல மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தலைவர்களாகத் தேர்வதாலும் இத்தொடர்பு ஏற்படலாம்.

தலைமைத்துவம் தவறிய இடங்களைப் பற்றிய விசாரணைகளும் பாடம் அளிக்கின்றன. இங்கிலாந்தின் மத்திய ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நிகழ்ந்த சீர்கேடுகள் குறித்து 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கை, நோயாளிகள், உறவினர்கள், பணியாளர்கள் ஆகியோரின் முறையீடுகள் செவிமடுக்கப்படாததையும், நிதி இலக்குகள் நோயாளி நலனுக்கு முன்னே வைக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. அங்கிருந்த மருத்துவர்கள் மேலாண்மையிலிருந்து ஒதுங்கி நின்றதும் அதில் குறிப்பிடப்பட்டது.

பயிற்சி வகுப்புகளின் பயனை அளப்பது கடினம். பங்குபெற்றோரின் மனநிறைவை அளப்பது எளிது. ஆனால் அவர்களுடைய நோயாளிகளின் நலம் மேம்பட்டதா என்பதை அளந்த ஆய்வுகள் குறைவு.

விமர்சனங்கள்

இத்துறை குறித்துப் பின்வரும் விமர்சனங்கள் முன்வைக்கப்படுகின்றன.

- மருத்துவரே தலைவராக வேண்டும் என்பது, செவிலியர் முதலிய பிற பணியாளர்களின் தலைமைத்துவ வாய்ப்பைக் குறைக்கின்றது. அரவிந்த் நிறுவனத்திலும், 1995 முதல் செயற்பட்டு வரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலும் மருத்துவர் அல்லாதோர் மேலாண்மையில் முக்கிய பங்காற்றியுள்ளனர்.
- சிறந்த அறுவை மருத்துவர் ஒருவரை நிருவாகியாக்கும்போது, ஒரு நல்ல மருத்துவரை இழந்து ஒரு நடுத்தர நிருவாகியைப் பெறும் இடர் உள்ளது.
- அடிக்கடி நிகழும் இடமாற்றம், ஊரை அறிந்துகொள்வதற்குள் அலுவலரை அகற்றிவிடுகின்றது.
- ஊரகப் பணிக்கான ஊக்கங்கள் நிலையாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் பட்டப்படிப்பில் இருந்த தனி ஒதுக்கீடு சில ஆண்டுகள் தடைப்பட்டது. இத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 ஆகத்து 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
- பணியிடங்கள் காலியாக இருக்கும் நிலையில், தலைமைத்துவப் பயிற்சியை மட்டும் அளிப்பது குறையைத் தனியொருவரின் தோளில் ஏற்றுவதாகும். ஆளும் மருந்தும் இல்லாத நிலையத்தை எத்தகைய தலைவரும் நெடுநாள் நடத்த இயலாது.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது முதன்மையானது. தமிழ்நாட்டின் பட்டறிவு காட்டுவதும் இதுவே. பயிற்சி பெற்ற அலுவலர், அவருக்குரிய நிதி, சட்ட அதிகாரம், கீழ்ப் பணியாற்றும் களப்பணியாளர் ஆகிய நான்கும் சேர்ந்திருந்த இடங்களிலேயே தலைமைத்துவ மேம்பாடு பலன் அளித்துள்ளது.

இவற்றையும் பார்க்க

- ஆரம்ப சுகாதார நிலையம்
- அரவிந்த் கண் மருத்துவமனை
- ஐடா ஸ்கடர்
- சாமுவேல் பிஸ்க் கிறீன்
- கோ. வெங்கடசாமி
- மணப்பாடு
- தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்
- தூத்துக்குடி மாவட்டம்